சிரமதானத்துக்கு மலையேறுகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது தண்ணீரை

கொழும்பிலிருந்து போயா விடுமுறைக்கும் ஞாயிற்றுக்கிழமைக்கும் மலையேறப் போகிறவர்கள் கூடிக்கொண்டே வருகிறார்கள். பத்தலேகல, அலகல்ல, நக்கிள்ஸ் என்று வட்ஸ்அப் குழுக்களில் பெயர்கள் ஓடுகின்றன. அதே குழுக்களில் இப்போது "பாதை திருத்தும் சிரமதானம்" என்ற அறிவிப்பும் தலைகாட்டுகிறது. நல்ல விஷயம். ஆனால் அங்கே நடப்பது பெரும்பாலும் புல் வெட்டுவதும், பிளாஸ்டிக் போத்தல் பொறுக்குவதும், கல்லில் மஞ்சள் பெயின்டால் அம்புக்குறி போடுவதும்தான். இவை துப்புரவு வேலை. பாதை அதனால் ஒரு மழைக்குக்கூடக் கூடுதலாகத் தாங்காது.

நடப்பவரின் சப்பாத்து புல்லைக் கொன்று மண்ணை இளக்கிவிடும், அவ்வளவுதான். இளகிய மண்ணை அள்ளிக்கொண்டு போவது மழை. ஒரு சதுர மீற்றரில் 1 மில்லிமீற்றர் மழை பெய்தால் 1 லீற்றர் தண்ணீர். ஒரு மீற்றர் அகலமும் 100 மீற்றர் நீளமும் உள்ள பாதைத் துண்டில் 50 மில்லிமீற்றர் மழை விழுந்தால் 5,000 லீற்றர். தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் கித்துல்கல, யட்டியாந்தோட்டை, இரத்தினபுரிப் பக்கம் அது ஒரு பின்னேரத்து மழை. மேல்சரிவிலிருந்து பாதைக்குள் இறங்கும் தண்ணீர் இந்தக் கணக்கில் இல்லை. இவ்வளவும் பாதையிலேயே ஓடினால் பாதை கானாகிவிடும். கொஞ்ச தூரத்துக்கு ஒரு தடவை வெளியே போக வழி கிடைத்தால் பாதை பாதையாகவே இருக்கும். மலைப்பாதை வேலையின் பெரும்பகுதி இந்த வழியைத் திறந்துவிடுவதுதான்.

ஆகவே மண்வெட்டி தூக்க முன்னர் ஒரு தரம் மழைக்குள்ளேயே, முடியாவிட்டால் மழை விட்ட அடுத்த நாளாவது பாதையை நடந்து பார்க்க வேண்டும். தண்ணீர் எழுதிவைத்துவிட்டுத்தான் போகும். நடுப்பாதையில் சருகு வரிசையாக ஒதுங்கிக் கிடந்தால் தண்ணீர் அதன் வழியே ஓடியிருக்கிறது. பொடிக்கல் குவிந்திருக்கும் இடத்தில் அதன் வேகம் குறைந்திருக்கிறது. மரவேர் ஒரு சாண் வெளியே தெரிந்தால் அவ்வளவு மண் போயிருக்கிறது. ஒரு பாதை மூன்று நான்காகப் பிரிந்து அகன்றிருந்தால், நடுவில் சேறு நிற்பதால் ஆட்கள் ஓரத்தில் நடந்திருக்கிறார்கள். மூன்று விஷயங்களைக் குறித்துக்கொள்ளுங்கள்: தண்ணீர் பாதைக்குள் எங்கே நுழைகிறது, எவ்வளவு தூரம் ஓடுகிறது, எந்த இடத்தில் பள்ளப்பக்கம் வெளியே தள்ளலாம். சிவப்பு நாடா கட்டிக் குறிப்பது வசதி. வேலை முடிந்ததும் அவிழ்த்துக்கொண்டு வர வேண்டும். மரமெங்கும் பழைய நாடா தொங்குவதைப் போல எரிச்சல் தருவது வேறில்லை.

சாய்வு பற்றி இரண்டு விதிகள் போதும். பாதையின் சராசரிச் சாய்வு 10 சதவீதத்துக்குள் இருந்தால், அதாவது 10 மீற்றருக்கு 1 மீற்றர் ஏறினால், பெரும்பாலான மண் தாங்கும். இரண்டாவது, பாதையின் சாய்வு அது போகும் மலைச்சரிவின் சாய்வில் பாதியைத் தாண்டக்கூடாது. தாண்டினால் தண்ணீர் குறுக்கே கடந்து போகாமல் பாதையோடு சேர்ந்து இறங்கத் தொடங்கும். இந்த இரண்டாவது விதியைத்தான் பலர் மறக்கிறார்கள். சரிவு குறைந்த புல்வெளியில் 8 சதவீதப் பாதைகூட அரித்துப் போவதற்குக் காரணம் இதுதான்.

பழைய தேயிலைத் தோட்ட வண்டிப் பாதைகள் இன்றும் நடக்கக்கூடியவையாக இருப்பதற்கும் காரணம் சாய்வுதான். பாரம் ஏற்றிய வண்டிக்காக மலையைச் சுற்றிச் சுற்றி மெதுவாக ஏற்றியிருக்கிறார்கள். உட்பக்கம் கானும் வெட்டியிருக்கிறார்கள். ஹந்தானையில் தொடங்கி நுவரெலியாவில் முடியும், 300 கிலோமீற்றருக்கு மேற்பட்ட பீக்கோ டிரெயில் என்ற நெடும் நடைபாதையின் 22 கட்டங்களில் பெரும்பகுதி இப்படிப்பட்ட பாதைகளில்தான் போகிறது. அங்கே புதிதாக ஒன்றும் கட்ட வேண்டாம். கானில் அடைந்த மண்ணையும் சருகையும் அள்ளினாலே போதும். கொழும்புப் பக்கத்துப் பாறைமலைகளின் பாதைகள் அப்படியல்ல. விறகுக்கும் விகாரைக்கும் போனவர்கள் நேரே மேலே ஏறிய தடங்கள் அவை. யாரும் திட்டமிட்டுப் போட்டதில்லை.

இனி வேலை. முதலாவது பள்ளப்பக்க வரம்பு. நடந்து நடந்து பாதையின் நடு அமிழ்ந்ததும் வெளி ஓரத்தில் ஒரு மண்வரம்பு தானாக எழும்பிவிடும். தண்ணீர் வெளியே போகாமல் மறிப்பது அதுதான். அதை வெட்டி எடுத்து, பாதையை வெளிப்பக்கம் 5 சதவீதம் சரிக்க வேண்டும். அளக்கும் வழி எளிது: 1 மீற்றர் நேரான சட்டத்தைப் பாதைக்குக் குறுக்கே வைத்து, மேலே மேசனின் நீர்மட்டத்தை வையுங்கள். மட்டம் சரியாக நிற்கும்போது சட்டத்தின் வெளி முனைக்குக் கீழே 5 சென்டிமீற்றர் இடைவெளி இருந்தால் சரி. கண்ணால் பார்த்தால் அது தட்டையாகத்தான் தெரியும். அதனால் அளக்காமல் விட்டால் எல்லோரும் அளவுக்கு மிஞ்சிச் சரித்துவிடுவார்கள், நடப்பவரின் கணுக்கால் நோகும். வெட்டிய வரம்பு மண்ணைப் பாதை ஓரத்திலேயே குவிக்கக்கூடாது. சவளால் தூர வீசுங்கள், அல்லது பள்ளம் நிரப்ப வைத்துக்கொள்ளுங்கள்.

வரம்பை எடுத்தாலும் ஒரு வருடத்தில் மறுபடி எழும்பும். அதனால் இடையிடையே நிலையான வாய்க்கால் வாய் வேண்டும். இருப்பதில் சிறந்தது குழிவும் மேடும். பாதையின் பள்ளப்பக்க ஓரத்தை விட்டமாக வைத்து, ஏறக்குறைய 3 மீற்றர் அகலத்துக்கு அரைவட்டம் கீறிக்கொள்ளுங்கள். அதற்குள் மண்ணை வழித்து, நடுவில் வெளிப்பக்கச் சாய்வு 15 சதவீதம் வரும்படி இறக்குங்கள். 1 மீற்றர் அகலப் பாதையில் அது 15 சென்டிமீற்றர். ஓரங்களில் வெட்டுத் தெரியாமல் மெல்ல மெல்லப் பழைய பாதையோடு கலக்க வேண்டும். எடுத்த மண்ணைக் குழிவுக்குக் கீழே, இறங்குபவர் ஏறிக் கடக்கும் மேடாக, 3 முதல் 4 மீற்றர் நீளத்துக்குப் பரப்பி மிதித்து இறுக்குங்கள். ஒரேயடியாகக் கொட்டி மிதித்தால் மேலே மட்டும் இறுகும். 10 சென்டிமீற்றர் தடிப்புக்கு ஒரு தடவை கட்டையால் இடித்து இறுக்கிய பிறகே அடுத்த அடுக்கு.

குழிவின் வெளிவாய்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. அது குழிவைவிட அகலமாக, பாதை ஓரத்தைத் தாண்டி ஒரு மீற்றராவது திறந்திருக்க வேண்டும். வாயைக் குறுக்கினால் முதல் மழையிலேயே சருகு அடைத்து, தண்ணீர் மேட்டின் மேலால் ஏறிப் பாயும். வெளிவாயில் நட்ட செடியோ, "அழகுக்கு" வைத்த கல்லோ இருந்தால் எடுத்துவிடுங்கள். சோதிக்க இரண்டு வாளித் தண்ணீர் போதும்: 5 மீற்றர் மேலே நின்று ஊற்றுங்கள். ஒரு கையளவும் மேட்டைத் தாண்டக்கூடாது.

குழிவுகளுக்கு இடையே எவ்வளவு தூரம்? மண்ணையும் சாய்வையும் பொறுத்து 6 முதல் 15 மீற்றர். மணல்மண், செங்குத்து, வெட்டவெளி என்றால் கிட்டக் கிட்ட. களியும் நிழலும் என்றால் தூரத் தூர. இருவர் சேர்ந்தால் ஒரு குழிவும் மேடும் அரை நாள் வேலை. ஒரு குழு ஞாயிற்றுக்கிழமையில் ஐந்தாறு குழிவு செய்து முடித்தால், அது இரண்டு கிலோமீற்றர் புல் வெட்டியதைவிடப் பயன்.

சாய்வு கூடக் கூடக் குழிவு வேலை செய்யாது; அங்கேதான் குறுக்குக் கட்டை. 15 முதல் 20 சென்டிமீற்றர் தடிப்புள்ள மரம் அல்லது வரிசையாகப் புதைத்த கல், பாதைக்கு 45 முதல் 60 பாகை சரித்து வைப்பது. நேர் குறுக்கே 90 பாகையில் வைத்தால் தண்ணீர் திரும்பாது. கட்டைக்குப் பின்னால் மண் நிரம்பியதும் மேலால் வழியும், கீழே குழி தோண்டும். ஊரில் காணும் குறுக்குக் கட்டைகளில் பாதிக்கு மேல் இப்படித்தான் செத்துக் கிடக்கின்றன. கட்டையின் மூன்றில் இரண்டு பங்கு மண்ணுக்குள் இருக்க வேண்டும். இரண்டு முனையும் பாதை ஓரத்தைத் தாண்டி 30 சென்டிமீற்றர் நீள வேண்டும்; உட்பக்க முனை மலைச்சரிவுக்குள் ஏறி நிற்காவிட்டால் தண்ணீர் அந்தப் பக்கத்தால் சுற்றிப் போய்விடும். அல்பீசியா போன்ற மென்மரம் ஈர வலயத்தில் சீக்கிரம் உக்கிவிடும், கறையானும் விடாது. கல் கிடைக்கும் இடத்தில் கல்லே வையுங்கள்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். கான் வெட்டுவதில் தோட்டத்து ஆட்களுக்குத் தெரிந்தது கொழும்பிலிருந்து போகும் யாருக்கும் தெரியாது. தேயிலை மலையில் சரிவுக்குக் குறுக்கே, கிட்டத்தட்ட மட்டமாக, இடையிடையே மண் தங்கும் குழியோடு கான் ஓடும். தண்ணீர் மெதுவாக நடக்கும், மண் குழியில் தங்கும், அதை அள்ளி மறுபடி செடி அடியில் போடுவார்கள். பக்கத்துத் தோட்டத்தில் கான் வெட்டிப் பழகிய ஓர் ஐயாவை, நாள் சம்பளம் கொடுத்து, குழுவுக்கு வழிகாட்ட அழைத்துப் பாருங்கள். "தம்பி, தண்ணி இங்கன நிக்காது" என்று அவர் கை காட்டும் இடம் பெரும்பாலும் சரியாகவே இருக்கும். அவருக்குப் பணம் கொடுக்க வேண்டும். தொண்டு நம்முடையது, அவருடையதல்ல.

ஏற்கனவே இடுப்பளவு பள்ளமாகிவிட்ட பாதையில் குழிவும் பலிக்காது, கட்டையும் பலிக்காது. இரண்டு பக்கமும் பாதையைவிட உயரமாக இருந்தால் தண்ணீரை எங்கே திருப்புவது? அங்கே பாதையைப் பக்கத்துக்கு மாற்றிவிட்டுப் பழைய பள்ளத்தை மூடுவதுதான் வழி; அதை நிலத்துக்குப் பொறுப்பானவர் தீர்மானிக்க வேண்டும். மூடுவதற்குத் தடுப்பணை: பள்ளத்துக்குக் குறுக்கே கல் அல்லது கிளிரிசீடியாக் கம்புகளை நட்டு, கீழ் அணையின் உச்சி மேல் அணையின் அடியோடு மட்டமாக வரும்படி வரிசையாகக் கட்ட வேண்டும். அணையின் நடு ஓரங்களைவிடத் தாழ்ந்திருக்க வேண்டும்; இல்லாவிட்டால் வெள்ளம் ஓரத்தை அரித்துக்கொண்டு போகும். கிளிரிசீடியாவின் பச்சைக் கம்பு மழைக்காலத்தில் வேர்விடும் என்பது கூடுதல் இலாபம். வன ஒதுக்கிடத்துக்குள் மட்டும் அதைக் கொண்டுபோய் நடாதீர்கள், அது இந்த நாட்டுக் காட்டு மரமல்ல. பள்ள ஓரத்துக்கு வெட்டிவேர் 10 முதல் 15 சென்டிமீற்றருக்கு ஒரு துண்டு வீதம் நட்டால் மண்ணைப் பிடிக்கும். வெறும் இலைகுழையைப் பள்ளத்துக்குள் போட்டு மூடுவதால் பயனில்லை; உக்கியதும் அதன் அடியால் தண்ணீர் ஓடும்.

கற்படிக்கு வருவோம். செங்குத்துக்கு அதுதான் மருந்து. ஆனால் அவசரக்காரருக்கு ஏற்ற வேலையில்லை. எப்போதும் அடியிலிருந்து மேலே கட்ட வேண்டும். முதற்கல் அசையாத நிலத்தில், முடிந்தால் பாறையில், முழுதாகப் புதைந்து உட்காரும். அடுத்த கல் முதற்கல்லின் பின்விளிம்பின்மேல் சில சென்டிமீற்றர் ஏறி உட்கார்ந்தால் ஒன்றையொன்று பிடிக்கும். உயரம் 15 முதல் 20 சென்டிமீற்றர், மிதிக்கும் அகலம் 30க்குக் குறையாமல். எங்கள் பாறைகள் பெரும்பாலும் கருங்கல் வகை. 30 சென்டிமீற்றர் நீளம், 30 அகலம், 20 தடிப்புள்ள கல் கிட்டத்தட்ட 48 கிலோ. அதைவிடச் சிறிய கல்லைப் படியாக வைக்காதீர்கள், காலால் உதைபட்டே கழன்றுவிடும். பெரிய கல்லைத் தூக்கக் கூடாது. அலவாங்கால் புரட்டி, இரண்டு பேர் இழுத்து, ஒருவர் கீழ்ப்பக்கத்தில் யாரும் நிற்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். கல்லைக் குழியில் வைத்ததும் நான்கு மூலையிலும் ஏறி நின்று பாருங்கள். ஒரு மூலை ஆடினாலும் எடுத்துவிட்டுக் குழியைத் திருத்துங்கள்; அடியில் சில்லுக் கல் செருகி நிறுத்தியது ஒரு மழைக்காலத்துக்குத்தான். படியின் இரண்டு பக்கமும் ஏற இறங்க முடியாதபடி பெரிய கற்களை நட வேண்டும், இல்லாவிட்டால் மக்கள் படியை விட்டுப் பக்கத்துப் புல்லில் இறங்குவார்கள், அங்கே புதிய கான் பிறக்கும். நால்வர் ஒரு நாளில் நான்கு படி வைத்தால் நல்ல வேலை.

"சீமெந்து போட்டால் என்ன?" என்று ஒவ்வொரு குழுவிலும் ஒருவர் கேட்பார். 50 கிலோ மூட்டையையும் மணலையும் தண்ணீரையும் யார் சுமப்பது என்பது ஒருபுறம். தண்ணீர் போக வழி செய்யாமல் கொங்கிரீட் போட்டால் அது ஓரத்தாலும் அடியாலும் அரித்து, உள்ளே வெற்றிடமாகி, ஒரு நாள் துண்டாக உடைந்து கிடக்கும். உடைந்த கொங்கிரீட்டை மலையிலிருந்து இறக்க எவரும் சிரமதானம் வைப்பதில்லை.

கருவிகளுக்குப் புறக்கோட்டை பழைய சோனகத் தெருவும் குவாரி வீதியும் போதும். பத்துப் பேர் கொண்ட குழுவுக்கு நான்கு மண்வெட்டி, இரண்டு சவள், இரண்டு அலவாங்கு, ஒரு பிக்காசு, இரண்டு கத்தி, ஒரு கைவாள், நான்கு தாச்சி, ஒரு நீர்மட்டம், 20 மீற்றர் நூல். மண்வெட்டித் தலையும் பிடியும் தனித்தனியே வாங்கலாம்; பிடியின் நார் நேராக ஓடுகிறதா, முடிச்சு இல்லையா என்று பாருங்கள். அலவாங்கு மெல்லியதாக இருந்தால் கல்லுக்கடியில் வளையும். பஸ்ஸில் கொண்டுபோவதென்றால் வெட்டும் ஓரங்களைப் பழைய தோட்டக் குழாயைக் கீறி மூடிக் கட்டுங்கள். மலையில் நடக்கும்போது கருவியைத் தோளில் வைக்காமல் பள்ளப்பக்கக் கையில் பிடியுங்கள். விழுந்தால் கருவி ஒரு பக்கம், ஆள் ஒரு பக்கம். வேலை செய்யும்போது ஆளுக்கு ஆள் 3 மீற்றர்.

செடி வெட்டுவதைச் சுருக்கமாகச் சொல்லலாம். பாதையின் நடுவிலிருந்து பக்கத்துக்கு ஒரு மீற்றர், தலைக்கு மேல் இரண்டரை மீற்றர் திறந்தால் போதும். கிளையைக் குத்துக்கட்டையாக விடாமல், மரத்தோடு சேரும் தடித்த வளையத்துக்கு வெளியே அறுங்கள். மானாப்புல்லை மண்மட்டத்துக்கு வழித்தால் வெறும் மண் தெரியும், அடுத்த மழை அதை எடுத்துப் போகும். ஒரு சாண் விட்டு வெட்டுவது நல்லது. வெட்டியதைக் கானிலோ குழிவின் வாயிலோ போட்டீர்களானால் காலையில் செய்த வேலையை மாலையில் நீங்களே அடைத்ததாகும்.

ஆபத்துகளில் அட்டை மிகச் சிறியது. உப்பும் சித்தாலேபவும் நீளக் காலுறையும் அதற்குப் போதும். குளவியும் மலைத்தேனீயும்தான் பெரியவை. பாறைச் சுவரில் தொங்கும் மலைத்தேனீக் கூட்டுக்குக் கீழே புல்வெட்டி மெஷின் ஓட்டாதீர்கள், புகை போடாதீர்கள், சென்ட் பூசிக்கொண்டு போகாதீர்கள். கிளம்பிவிட்டால் நின்று விரட்டாமல் முகத்தை மூடிக்கொண்டு ஓட வேண்டும். யாருக்காவது மூச்சு இறுகினால் அவரை நேரே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். சிங்களத்தில் குணகட்டுவா என்று சொல்லும் சிறு விரியன் சருகுக்குள்ளும் கல்லடியிலும் கிடக்கும், மண்ணின் நிறம்தான் அதற்கும். இந்தியாவிலிருந்து வரும் விஷமுறிவு மருந்து அதன் விஷத்துக்கு வேலை செய்யாது. சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடியது என்பதால் "சின்னப் பாம்புதானே" என்று இருந்துவிடாமல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். கல் புரட்டும்போது கையை அடியில் விடாதீர்கள்; அலவாங்கால் கல்லின் எதிர்ப்பக்க விளிம்பை உயர்த்திக் கல்லை உங்கள் பக்கம் சாய்த்துவிடுங்கள், திறக்கும் வாய் உங்களுக்கு எதிர்ப்பக்கம் இருக்கும். சேற்றுவேலை என்பதால் எலிக்காய்ச்சலும் உண்டு. கை கால் காயத்தை மூடுங்கள். தடுப்பு மாத்திரை பற்றிச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் முன்கூட்டியே கேளுங்கள். அடுத்த சில வாரங்களில் காய்ச்சல் வந்தால் சேற்றில் வேலை செய்ததை வைத்தியரிடம் சொல்லுங்கள்.

மண்சரிவு விஷயத்தில் துணிச்சல் காட்ட ஒன்றுமில்லை. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் எச்சரிக்கை உள்ள பிரதேசத்துக்குப் போகவே வேண்டாம். 24 மணித்தியாலத்தில் மழை 75 மில்லிமீற்றரைத் தாண்டினாலே அவதானம் தொடங்குகிறது. 2025 நவம்பர் இறுதியில் டிட்வா புயலோடு மலைநாட்டில் விழுந்த சரிவுகளின் ஓரம் இன்னும் இளகிக்கிடக்கலாம். சரிந்த மண்ணைக் கடந்து பாதை போட முயல்வதும், பாதையை அகலமாக்கவென்று உட்பக்கச் சரிவின் அடியை வெட்டுவதும் மேலேயுள்ளதைக் கீழே அழைக்கும் வேலை. வெடிப்பு, சாய்ந்த மரம், புதிதாகக் கலங்கிவரும் ஊற்று கண்டால் படம் எடுத்துக் கிராம உத்தியோகத்தருக்குக் கொடுத்துவிட்டுத் திரும்புங்கள்.

அனுமதி இல்லாமல் ஒரு கல்லும் புரட்டக்கூடாது. ஒரே பாதை ஊர்க்காணி, தோட்டக் கம்பனி நிலம், வன ஒதுக்கிடம் மூன்றையும் தொட்டுப் போகலாம். நக்கிள்ஸ், சிங்கராஜா என்றால் வனப் பாதுகாப்புத் திணைக்களம். ஹோர்ட்டன் சமவெளி என்றால் வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களம். தோட்டம் என்றால் துரையின், அதாவது தோட்ட முகாமையாளரின், கடிதம். கற்குகையோ பழைய எழுத்தோ உள்ள பாறை என்றால் தொல்பொருள் திணைக்களமும் சேரும். அங்கே படிக்குக் கல் எடுக்கப்போய் வழக்கில் மாட்டிக்கொள்ளாதீர்கள்.

மலைக்குப் போக முடியாதவர்களுக்கு வேலை கொழும்பிலேயே இருக்கிறது. ஈரநிலப் பாதுகாப்புக்கான ராம்சார் உடன்படிக்கையின் கீழ் 2018இல் ஈரநில நகரமாக அறிவிக்கப்பட்ட ஊர் இது. பெத்தகான, தியசரு போன்ற ஈரநிலப் பூங்காக்களில் தண்ணீர் ஓடாது, நிற்கும். அதனால் பிரச்சினை பலகை நடைபாதையின் உக்கல். பலகைகளுக்கிடையே அடையும் சருகைச் சுரண்டி எடுப்பது, பாசியைத் தும்புத்தடியால் உரசுவது, எழும்பிய ஆணியைத் துருப்பிடிக்காத திருகாணியாக மாற்றுவது, தூணும் பலகையும் சேரும் இடத்தில் ஆணியால் குத்தி மரம் உக்கி மென்மையாகிவிட்டதா என்று பார்ப்பது. நிர்வாகம் சொல்லும் இடத்தில் வெல் அத்த என்ற ஆக்கிரமிப்பு மரத்தின் கன்றுகளைப் பிடுங்குவதும் உண்டு.

எங்கே செய்தாலும் செய்த ஒவ்வொரு குழிவுக்கும் கட்டைக்கும் எண் கொடுத்து, தொலைபேசியில் இடத்தைப் பதிந்து, ஒரு படம் சேர்த்து வையுங்கள். முதல் பெரிய மழைக்குப் பின் ஒரு தரம் போய்ப் பார்க்க வேண்டும். பிறகு வருடத்தில் இரண்டு தரம், ஏப்ரல் மழைக்கு முன்னும் ஒக்டோபர் மழைக்கு முன்னும். அந்த இரண்டு தரமும் இரண்டு பேர், ஒரு மண்வெட்டி, ஒரு தாச்சி போதும்: வெளிவாயில் அடைந்த மண்ணை அள்ளி, வாளித் தண்ணீர் ஊற்றிப் பார்த்துவிட்டு அடுத்த எண்ணுக்குப் போகலாம்.